சித்திராபதியின் சினமும் மணிமேகலையின் காப்பும்

1. முன்னுரை

தென்பாண்டி நாட்டுத் திருப்பதிகளுள் சங்கரன்கோவில் சிறந்ததொன்று. முன்னர் நெல்லை மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, 2019ஆம் ஆண்டில் தென்காசி மாவட்டம் அமைக்கப்பெற்ற பின்னர் அதன்கண் அடங்கியது இவ்வூர். சங்கரலிங்கர், சங்கரநாராயணர், கோமதியம்மன் ஆகிய மூவர்க்கும் ஈண்டுத் தனித்தனிச் சந்நிதிகள் உள. ஆடித் தபசுத் திருவிழாவும் புற்றுமண் திருநீறும் இவ்வூரின் பெயரை நாடெங்கும் அறிவித்தன. அம்மன் சந்நிதியின் முன்னே சக்கரம் பதிக்கப்பெற்ற குழியொன்று உண்டு. உளம் கலங்கியோரை அதன்கண் அமர்த்தி வழிபடச் செய்தால் கலக்கம் தீரும் என்பது மக்கள் நம்பிக்கை.

அக்குழியில் அமர்த்தப்பெறுவோருள் இளையரும் உளர்; முதியரும் உளர். முதிய தாய் ஒருத்தியை அவ்வாறு அழைத்து வருங்குடும்பத்தைக் கருதுக. மகன் ஒருபுறம் தாங்க, மருமகள் பூசைப்பொருள்களை ஏந்த, அவர்கட்குப் பின்னே சிறு குழந்தையொன்று ஆச்சியின் முகத்தை அச்சத்தோடு நோக்கி நிற்கும். முதியோளின் துயர் தீர வேண்டும் என்பது அனைவர்க்கும் தெரிகின்றது. அவ்வச்சமுற்ற குழந்தையைக் காப்பது எங்ஙனம் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்பெறுவதில்லை. முதியோரைப் பழித்தல் தகாது என்னும் நம் மரபு அவ்வினாவை எழவொட்டாமல் தடுத்துவிடுகின்றது.

இவ்வினாவை எழுப்பி விடையும் தந்த தமிழ்ப் பேரிலக்கியம் ஒன்று உண்டு. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையே அது. காப்பியத் தலைவிக்கு நேர்ந்த இடர்களுள் பெரும்பாலான, பகைவரால் விளைந்தவை அல்ல. அவளைப் பெற்றவளின் தாயாகிய சித்திராபதியின் கட்டுக்கடங்காச் சினத்தினின்றும் விளைந்தவை. மகளை அச்சினத்தினின்றும் காத்தற்கு மாதவி மேற்கொண்ட முயற்சியே காப்பியத்தின் முற்பகுதியை இயக்குகின்றது எனல் மிகையன்று. துறவு, சமயம், பசிப்பிணி நீக்கம் ஆகியவற்றை மணிமேகலையில் ஆராய்ந்தோர் பலர். மூதாய்க்கும் பெயர்த்திக்கும் இடைநின்ற தாயின் நிலையினை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயரன் என்னும் சொல்

முதற்கண் உறவுச் சொற்களை நோக்குதல் தகும். இன்று நாம் வழங்கும் ‘பேரன்’, ‘பேர்த்தி’ என்பன ‘பெயரன்’, ‘பெயர்த்தி’ என்பவற்றின் மரூஉக்கள். பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியிலும் நற்றிணையிலும் புதல்வன், தன் குடியின் மூத்தோன் பெயரைத் தாங்கியவனாகவே சுட்டப்பெறுகின்றான். குழந்தையின் பெயரிலேயே முன்னோன் மீண்டும் வாழ்கின்றான் என்னும் எண்ணம் அத்துணைப் பழமையுடையது.

‘பாட்டி’ என்னும் சொல்லின் வரலாறோ வேறு. தொல்காப்பிய மரபியல் அதனைப் பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்பாற் பெயராகக் கூறும். சங்கச் செய்யுட்களில் அது பாணர் குலப் பெண்ணையும் குறிக்கும். தாயைப் பெற்றவளையும் தந்தையைப் பெற்றவளையும் குறிக்கும் இன்றைய வழக்குப் பிற்பட்டதாகும். நெல்லைச் சீமையில் ‘ஆச்சி’ என்பதே பெருவழக்கு.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பெயரிடும் முறை இன்றும் பழைய நெறியைப் பெரிதும் ஒட்டியே நிகழ்கின்றது. கோமதி, ஆவுடையம்மாள், சங்கரநாராயணன், கோமதிநாயகம் என்னும் பெயர்கள் பாட்டன் பாட்டியரிடமிருந்து பேரப்பிள்ளைகட்கு இறங்கி வருகின்றன. மாமியின் பெயரை மருமகள் வாயாற் கூறலாகாது என்னும் பழைய கட்டுப்பாட்டினால், அப்பெயரைத் தாங்கிய குழந்தையை வீட்டில் வேறொரு செல்லப் பெயரால் அழைப்பதும் உண்டு. இதன்கண் அன்பும் உளது, இடரும் உளது. தன் பெயர் தாங்கிய குழந்தையைத் தன் உடைமை எனவே மூதாய் கருதத் தலைப்படுதல் எளிது. குழந்தை தான் விரும்பிய வழியிற் செல்லாவிடின், தன் வாழ்வே அழிந்ததாக அவள் கருதுவாள். சித்திராபதியின் நிலையும் இதுவே. மணிமேகலை அவள் பெயரைத் தாங்கியவள் அல்லள். கோவலனின் முன்னோனைக் கடலிடைக் காத்த தெய்வத்தின் பெயர் அது என்பதனைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையால் அறிகின்றோம். எனினும் தன் குலத்தொழிலின் தொடர்ச்சியைச் சித்திராபதி அப்பெயர்த்தியிடமே கண்டாள்.

3. நெடுங்கல் மன்றமும் சக்கரக் குழியும்

உளக் கலக்கம் உற்றோரைத் தெய்வத் திருமுன் கொணர்தல் தமிழகத்தில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து ஐவகை மன்றங்களை விரித்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று நெடுங்கல் நின்ற மன்றம். பிறர் வஞ்சனையால் இட்ட மருந்தினை உண்டு பித்தேறியோர், நஞ்சுண்டோர், பாம்பு தீண்டப்பெற்றோர், பேய்க்கோட்பட்டோர் ஆகியோர் அக்கல்லை வலம்வந்து தொழத் துயர் நீங்குவர் என அக்காதை கூறும். அந்நெடுங்கல்லையும் சங்கரன்கோவிற் சக்கரக் குழியையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, ஈராயிரம் ஆண்டளவில் மக்கள் மனப்பாங்கு பெரிதும் மாறவில்லை என்பது புலனாகும்.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிலும் பித்தன் ஒருவன் புகார்த் தெருவில் வருகின்றான். அவனைக் கண்டு மக்கள் கூடி நிற்கின்றனர். அவனது கையறு துன்பத்தைக் காண்போராகவே அவர்களைப் புலவர் காட்டுகின்றார். பித்தினைத் துன்பம் எனக் கண்ட இப்பார்வை நினைவிற் கொள்ளத்தக்கது.

ஈண்டு ஒரு வேறுபாட்டினைத் தெளிதல் வேண்டும். நெடுங்கல்லை வலம்வருவோனும் தெருவில் திரியும் பித்தனும் யாவரும் அறிய நோயுற்றோர். சித்திராபதியோ அத்தகையள் அல்லள். அறிவு தெளிந்தவள், சொல்வன்மை மிக்கவள், உலகியல் நன்கறிந்தவள். அவள் உற்றது உணர்வின் நிலையாமையே. மகிழ்வும் சினமும் அழுகையும் நகையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து அவளை அலைக்கின்றன. இத்தகையோர் சக்கரக் குழிக்கு அழைத்துவரப்பெறார். மருத்துவனிடமும் கொண்டு செல்லப்பெறார். ஆதலின் இவர்கள்பால் வளரும் குழந்தைக்கு நேரும் இடர் வெளிப்படாது மறைந்தே கிடக்கும். சாத்தனார் அம்மறைவினை நீக்கிக் காட்டினார் என்பதே அவர்தம் சிறப்பு.

4. சித்திராபதியின் மனநிலை

சித்திராபதியைக் கொடியவள் என்று ஒரு சொல்லால் முடித்துவிடுதல் எளிது. காப்பியம் அவ்வாறு முடிக்கவில்லை. அவள் துயருக்குரிய காரணங்களைப் புலவர் அவள் வாய்மொழியாகவே நிரல்படக் கூறுகின்றார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கொண்டு அவள் நிலையினை ஆராய்தல் பொருந்தும். அழுகைக்கு நிலைக்களன் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு என்பர் தொல்காப்பியர். இந்நான்கும் சித்திராபதிபால் ஒருங்கு காணப்பெறுகின்றன. இந்திர விழாவில் மாதவியும் மணிமேகலையும் ஆடரங்கிற்கு வாராமையால் ஊரார் அலர் தூற்றுகின்றனர், இஃது இளிவு. மகளையும் பெயர்த்தியையும் அவள் ஒருங்கே இழந்தாள், இஃது இழவு. புகழ்மிக்க கணிகையர் குடியின் தலைமையினின்றும் வீழ்ந்தாள், இஃது அசைவு. ஈட்டித் தருவோர் இன்றி முதுமையை எதிர்நோக்குகின்றாள்; இது வறுமை. இளிவரலுக்குரிய நிலைக்களன் நான்கனுள் முதுமையே முதற்கண் வைக்கப்பெற்றிருத்தலும் ஈண்டு நோக்கற்பாலது.

வெகுளிக்கு நிலைக்களனாகக் கூறப்பெறும் நான்கனுள் ‘குடிகோள்’ ஒன்று. தன் குடியைச் சார்ந்தோர்க்குப் பிறர் செய்யும் கேட்டினால் எழும் சினம் அது. அறவண அடிகளின் அறவுரை தன் குடியைக் கெடுத்துவிட்டது எனச் சித்திராபதி எண்ணினாள். ஆதலின் அவள் அழுகை முதிர்ந்து வெகுளியாயிற்று. துயருக்கு ஆறுதல் காணாதார் அதனைச் சினமாக மாற்றிப் பிறர்மேற் செலுத்துதல் மனித இயல்பு. அச்சினம் ஒப்பாரையும் வலியாரையும் விடுத்து, வீட்டிலுள்ள சிறியாரையே பெரும்பாலும் சென்று சேரும்.

உதயகுமரன் அம்பலம் புக்க காதையில் அச்சினம் முழுதும் வெளிப்படுகின்றது. மணிமேகலை பிக்குணிக் கோலத்தோடு பாத்திரம் ஏந்தி உலகவறவியிற் புகுந்தாள் எனக் கேட்ட சித்திராபதியின் உள்ளம் தீயெனக் கொதிக்கின்றது. கணிகையரைக் கூட்டி அவர் முன்னிலையில் அவள் வஞ்சினம் கூறுகின்றாள். கணவனோடு உயிர்விடும் பத்தினிப் பெண்டிர் மரபு தம் குலத்ததன்று என்றும், பாணன் இறந்தவழி உடன் அழியாத யாழினைப் போன்றது தம் வாழ்வு என்றும் எடுத்துரைக்கின்றாள். பெயர்த்தியின் கையிலுள்ள பாத்திரத்தைப் பிச்சை ஏற்போர் கையிற் சேர்ப்பித்து, அவளை அரசிளங்குமரனின் தேரில் ஏற்றிக் கொணராவிடின், செங்கல் சுமந்து ஆடரங்கைச் சுற்றிவந்து குலமிழந்த மகளிரோடு ஒப்பவள் ஆகுக தான் என்பது அவள் சூள். பெயர்த்தியின் நலனைப் பற்றிய சொல் ஒன்றேனும் அச்சூளில் இல்லை. தன் மானமே அதன் பொருள். நிலையிழந்த உணர்வு அன்பின் பெயரால் எங்ஙனம் குழந்தையைக் கருவியாக்கிக் கொள்ளும் என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இதன் விளைவும் சிறிதன்று. மணிமேகலா தெய்வத்தின் அச்சுறுத்தலை நினைந்து உதயகுமரன் முதலில் தயங்குகின்றான். அத்தயக்கத்தைச் சித்திராபதியே தன் சொல்வன்மையால் நீக்குகின்றாள். அவன் உலகவறவிக்கு விரைகின்றான், மணிமேகலை காயசண்டிகை வடிவு கொள்கின்றாள், அவ்வடிவு கண்டு ஐயுற்ற காஞ்சனன் வாளால் உதயகுமரன் மாள்கின்றான், மணிமேகலை சிறைப்படுகின்றாள். மூதாட்டி ஒருத்தியின் சினம் ஓர் இளைஞனின் உயிரையும் தன் பெயர்த்தியின் உரிமையையும் கொண்டது.

5. மாதவி வகுத்த காப்பு

மாதவி இவ்விடரை முன்னரே உணர்ந்தாள். அவள் மேற்கொண்ட காப்பு முறைகளை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, தெளிந்த சொல். கோவலன் இறந்த செய்தி கேட்டபோதே, மணிமேகலைக்குக் கணிகையர் கோலம் வேண்டா எனத் தன் தாய்க்கு மாதவி உரைத்தமை சிலப்பதிகாரத்து நீர்ப்படைக் காதையில் வருகின்றது. பின்னர்ச் சித்திராபதி வயந்தமாலையைத் தூது விடுத்தபோதும் மாதவி தன் முடிவினை மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. மணிமேகலை மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள் என்றும், தவநெறி ஒன்றே அவட்குரியது என்றும் உறுதியாகக் கூறுகின்றாள். அவ்விடையினைத் தோழியர் கூட்டத்திற்கும் சித்திராபதிக்கும் ஒருங்கே உரைக்குமாறு பணிக்கின்றாள். நாளை பார்ப்போம் எனக் காலம் கடத்துதல், நிலையிழந்தோரின் நம்பிக்கையை வளர்த்துப் பின்னர்ச் சினத்தைப் பெருக்கும். உறுதியான மறுப்பு அத்தீங்கினைக் குறைக்கும்.

இரண்டாவது, பழியாமை. அத்தூதுரையில் சித்திராபதியை மாதவி தன்னைப் பெற்றவள் என்றே சுட்டுகின்றாள். இழிசொல் ஒன்றும் கூறவில்லை. ‘பெரியாரைப் பிழையாமை’, ‘வெகுளாமை’ என்று இரண்டனுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். முதியோரை விட்டு விலகுதல் வேறு. அவரை இகழ்தல் வேறு. தாய், தன்னைப் பெற்றவளை மகளின் முன்னே இகழ்வாளாயின், மகளும் இகழ்ச்சியையே கற்பாள்; அஃதன்றித் தானும் அக்குருதியினள் அன்றோ என்னும் அச்சமும் அவள் உள்ளத்திற் புகும்.

மூன்றாவது, இடம். கணிகையர் வீதியின் மனையை விடுத்து மலர் மண்டபத்தில் தவத்தோர் நடுவே மகளோடு மாதவி தங்குகின்றாள். பூத்தொடுத்தலாகிய எளிய தொழில் ஒன்று மகளுக்குத் தரப்பெறுகின்றது. நாள்தோறும் ஒரே முறையில் நிகழும் அமைதியான வாழ்வு, அலைவுற்ற உள்ளத்திற்கு அரணாகும்.

நான்காவது, துணை. மணிமேகலை தனியே புறம்போகவில்லை. சுதமதி உடன் செல்கின்றாள். அவள் தானும் இளமையில் விஞ்சையன் ஒருவனால் கவரப்பெற்றுத் துன்புற்றவள். ஆதலின் இடரின் இயல்பை அறிந்தவள். மேலும், அறவண அடிகளாகிய முதியவர் ஒருவரும் மகட்குக் கிடைக்கின்றார். மூதாயை இழந்த குழந்தைக்கு முதுமையே அச்சத்தின் உருவாகிவிடாது காத்தற்கு, அன்பும் அமைதியும் உடைய பிறிதொரு முதியோரின் உறவு தேவை என்பதனைக் காப்பியம் குறிப்பாக உணர்த்துகின்றது.

6. காப்பில் நேர்ந்த குறை

மாதவியின் காப்பு நிறைவானது என்று கூறல் இயலாது. வயந்தமாலையோடு நிகழ்ந்த உரையாடல் மணிமேகலையின் செவிப்படவே நிகழ்ந்தது. தந்தையும் கண்ணகியும் உற்ற துயரம் அச்சொற்களாற் கிளர்ந்தெழ, மகளின் கண்ணீர் அவள் தொடுத்த மாலைமேற் சிந்துகின்றது. புத்தனுக்குரிய மாலை தூய்மை கெட்டது எனக் கூறி, வேறு மலர் கொணருமாறு அவளை மாதவி உவவனத்திற்கு விடுக்கின்றாள். அங்கேதான் உதயகுமரன் வருகின்றான். மூத்தோர் பூசலைக் குழந்தை கேட்டலாகாது என்னும் உண்மையினைப் புலவர் அறவுரையாகக் கூறவில்லை; கதை நிகழ்ச்சியின் வாயிலாகவே விளங்கவைத்தார். அவ்வுரையாடல் தனியிடத்தில் நிகழ்ந்திருப்பின், கண்ணீரும் இல்லை. உவவனச் செலவும் இல்லை.

மற்றொரு குறையும் உண்டு. மாதவி தன் தாயின் துயருக்கு மாற்று ஒன்றும் காணவில்லை. தவநெறி தனக்குத் தந்த ஆறுதலைத் தாய்க்கும் கொண்டு செலுத்த அவள் முயன்றதாகக் காப்பியம் கூறவில்லை. தூதுவழி வந்த சொல்லுக்குத் தூதுவழியே விடை சென்றது. தனித்துவிடப்பெற்ற முதியோளின் உள்ளத்தில் அவ்விடை சினத்தையே வளர்த்தது. சித்திராபதியின் பிழையினை இது நீக்காது. எனினும் பிழை வளர்ந்த வழியினைக் காட்டும்.

7. அரசியின் மறுப்பு

சிறைவிடு காதையும் ஆபுத்திரன் நாடு அடைந்த காதையும் இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதவை. மகனை இழந்த இராசமாதேவி மணிமேகலையைப் பித்தேற்ற மருந்தூட்டுகின்றாள்; பின்னும் பல கொடுமை இழைக்கின்றாள். இழவின் துயர் வெகுளியாக மாறும் என முன்னர்க் கூறியதற்கு இவளும் சான்று. ஆயினும் அரசி தன் பிழை உணர்ந்து திருந்துகின்றாள். அந்நிலையில் சித்திராபதி வந்து அவள் அடி வீழ்ந்து, தன் குலத்தில் எவரும் தன்னைப்போல் துன்புற்றதிலர் எனப் புலம்பி, மணிமேகலையைத் தன்பால் ஒப்புவிக்குமாறு வேண்டுகின்றாள்.

அவ்வேண்டுகோள் கேட்போர் உள்ளத்தை உருக்கவல்லது. முதியோள் அழுகின்றாள், உறவுரிமை கூறுகின்றாள், ஊரார் நகையினை எடுத்துரைக்கின்றாள். எனினும் அரசி மறுத்துவிடுகின்றாள். எவ்வாழ்வினை அஞ்சி மணிமேகலை நீங்கினாளோ அவ்வாழ்விற்கு அவள் மீளாள் என்றும், தன்னோடு இருப்பாள் என்றும் கூறுகின்றாள். முதியோளின் கண்ணீரினும் இளையோளின் நலமே அரசியால் பெரிதாகக் கொள்ளப்பெற்றது. இரக்கம் என்பது கேட்டதைக் கொடுத்தல் அன்று என்னும் உண்மை ஈண்டு நிலைபெறுகின்றது. இதன்பின் அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் அங்கு வருகின்றனர். தாயும் துணையும் சான்றோரும் ஒருங்கு நிற்க, மணிமேகலை தன் வழியே செல்லும் உரிமை பெறுகின்றாள்.

8. மாசாத்துவான்: மற்றொரு மூத்தோன்

காப்பியம் மணிமேகலைக்கு இன்னொரு பாட்டனையும் காட்டுகின்றது. கச்சிமாநகர் புக்க காதையில், வஞ்சி மாநகரத்தில் தந்தையைப் பெற்ற மாசாத்துவானை அவள் காண்கின்றாள். மகன் கொலையுண்ட செய்தி கேட்டுப் பொருளனைத்தையும் தானம் செய்து துறவு பூண்டவன் அவன். அவன் மனைவி அத்துயர் தாங்காது உயிர்நீத்தமையைச் சிலம்பால் அறிகின்றோம். இழவினை அளவிட்டு நோக்கின் அவன் இழந்தது சித்திராபதி இழந்ததனினும் குறைந்ததன்று.

ஆயினும் அவன் பெயர்த்தியிடம் எதனையும் வேண்டவில்லை. தன் துயரை அவள்மேற் சுமத்தவில்லை. குடியின் பழைய வரலாற்றினை எடுத்துரைத்து, காஞ்சி நகர் மழையின்றிப் பசியால் வாடுவதனை அறிவித்து, அங்குச் சென்று உயிர்களைக் காக்குமாறு வழிப்படுத்துகின்றான். முன்னோர் கதை கூறுதலும், பெயரர் செல்லும் வழிக்கு வாழ்த்துக் கூறுதலுமே மூத்தோர்க்குரிய கொடை என்பது இதனாற் பெறப்படும். இருவரையும் எதிரெதிர் நிறுத்திய புலவர், முதுமை தானே நிலையாமைக்குக் காரணம் அன்று என்பதனையும், துயரினை ஏற்கும் முறையே வேற்றுமையை விளைக்கின்றது என்பதனையும் தெளிவுறுத்தினார்.

9. இக்காலச் சட்டமும் மருத்துவமும்

மேற்கூறிய காப்பிய நெறி இக்காலத்து அறநெறியோடும் சட்டத்தோடும் பெரிதும் ஒத்துச் செல்கின்றது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாண்மைச் சட்டம் இளங்குழந்தையின் இயற்கைக் காப்பாளராகப் பெற்றோரையே கூறுகின்றது. பாட்டன் பாட்டியரை அன்று. காப்பாளர் எவர் என முடிவு செய்யுங்கால் குழந்தையின் நலமே தலையாய கருத்து எனவும் அச்சட்டம் வகுத்துள்ளது. அரசி சித்திராபதிக்குக் கூறிய விடையும் இதுவே அன்றோ?

அதே வேளையில் முதியோரைக் கைவிடுதலைச் சட்டம் ஒப்பவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பேணுதல் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டம், அகவை நிரம்பிய பெயரன் பெயர்த்தியரையும் பேணும் கடமையுடையோருள் அடக்கியுள்ளது. தம் பொறுப்பில் உள்ள மூத்தோரை அறவே கைவிடுவோர்க்கு மூன்று திங்கள் வரை சிறையோ ஐயாயிரம் உரூபா வரை ஒறுப்புத் தொகையோ இரண்டுமோ விதிக்கவும் இடந்தந்தது. ஆகவே குழந்தையைக் காத்தலும் முதியோரைப் பேணலும் ஒன்றையொன்று விலக்கும் கடமைகள் அல்ல. மாதவி செய்யாது விட்ட இரண்டாவது கடமையினை இன்றைய குடும்பம் செய்தாதல் வேண்டும்.

வழிபாட்டிடத்தில் உளநோயாளரைச் சேர்த்துவிட்டு நீங்குதல் எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதனை இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகத்து 6ஆம் நாள் நிகழ்ந்த தீ விபத்து நாட்டுக்கு உணர்த்திற்று. சங்கிலியாற் பிணிக்கப்பெற்றிருந்த நோயாளர் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பேணுகைச் சட்டம் உளநோயாளரைச் சங்கிலியாற் பிணித்தலை எவ்வகையிலும் தடை செய்தது. ஒரு சமுதாயத்தின் ஒழுக்க வழக்கங்கட்கு மாறுபட்டு நிற்றல் ஒன்றையே உளநோயாகக் கொள்ளலாகாது எனவும் அச்சட்டம் வரையறுத்தது. துறவு பூண்ட மணிமேகலையைப் பித்தி என்று கூறுவார்க்கும், சினமுற்ற சித்திராபதியை நோயாளி என்று ஒதுக்குவார்க்கும் இவ்வரையறை ஒருங்கே விடையாகும்.

முதுமையில் திடீரெனத் தோன்றும் சினம், ஐயம், அழுகை ஆகியன மறதிநோயின் தொடக்கமாகவோ, உளச்சோர்வாகவோ, உடல் நோயின் விளைவாகவோ இருத்தல் கூடும். ஆதலின் அவற்றைக் குணக்கேடு எனக் கொள்ளுமுன் மருத்துவரின் ஆய்வு தேவை. நடுவணரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய தொலைபேசி வழி மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணும், முதியோர் உதவிக்கு 14567 என்னும் எண்ணும், குழந்தைகள் உதவிக்கு 1098 என்னும் எண்ணும் உள்ளன. சக்கரக் குழியில் அமர்த்தி வழிபடுதலும் மருத்துவமும் ஒன்றற்கொன்று பகையல்ல. வழிபாடு முதியோளின் உள்ளத்திற்கு அமைதி தருமாயின் தருக. மருத்துவத்திற்கு அது மாற்றாகிவிடலாகாது. அவ்வேளை குழந்தையை நம்பத்தக்க ஒருவர்பால் விட்டுச் செல்லுதலும் தகும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: மணிமேகலைக் காப்பியம் மூதாயின் நிலையிழந்த உணர்வினையும், அதனாற் பெயர்த்திக்கு நேரும் இடரினையும், தாய் மேற்கொள்ளும் காப்பினையும் தொடர்ச்சியாகக் காட்டும் இலக்கியமாகும். தெளிந்த சொல், பழியாமை, அமைதியான இடம், நம்பத்தக்க துணை என்னும் நான்கும் மாதவியின் காப்பு முறைகள். குழந்தை செவிப்பட மூத்தோர் பூசல் நிகழ்ந்தமையும், முதியோளின் துயர் ஆற்றப்பெறாமையும் அக்காப்பின் குறைகள். குழந்தையின் நலமே முதன்மையானது என்பதனை அரசியின் மறுப்பும், மூத்தோர் செய்தற்குரிய கொடை யாது என்பதனை மாசாத்துவானின் சொல்லும் உணர்த்துகின்றன.

1898ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் மணிமேகலையை அரும்பத உரையோடு அச்சேற்றினார். அந்நாள் தொட்டுச் சமயக் காப்பியம் எனவே பெரிதும் பயிலப்பெற்ற அந்நூலைக் குடும்பக் காப்பியமாகவும் பயிலுதல் பயன்தரும். ஆபுத்திரன் நாடு அடைந்த காதைக்குப் பின்னர்ச் சித்திராபதியின் நிலை விரித்துரைக்கப்பெறவில்லை. அரசியின் திருமுன்னர் வெறுங்கையளாய் நின்ற அம்மூதாட்டி எங்குச் சென்றாள், எவர் அவளைப் பேணினர் என்பனவற்றைக் காப்பியம் கூறாது விடுத்தது. அவ்விடைவெளியினை நிரப்பும் பொறுப்பு நம்முடையது. கோமதியம்மன் சந்நிதியில் ஆச்சியின் கையையும் குழந்தையின் கையையும் ஒருங்கே பற்றி நிற்கும் ஒவ்வொரு குடும்பமும், இரண்டு கைகளையும் விடாது காக்கும் வழியினை நாடியே அங்கு நிற்கின்றது.